பெரியண்ணாச்சி பந்தி விசாரித்த விமானம்

வேலைக்கு ஆள் எடுக்கும்போது கேட்கப்படும் கேள்விகளால் யாருக்கும் பெரிய ஆபத்து வருவதில்லை. கேட்காமல் விட்ட கேள்விதான் பின்னாளில் ஆளைக் கவிழ்க்கிறது. என் விஷயத்தில் அந்தக் கேள்வி, "தம்பி, நீ பிளேன்ல ஏறியிருக்கியா?" என்பது.

கேட்டிருக்க வேண்டியவர் சுயம்புலிங்கம் அண்ணாச்சி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தியாகராய நகரில் பாத்திரக் கடை நடத்திய குடும்பம் அவர்களுடையது. அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் கடையைப் பார்த்துக்கொண்டார். அவரை எல்லோரும் பெரியண்ணாச்சி என்பார்கள். தம்பியான சுயம்புலிங்கம் அண்ணாச்சி விமானத்தைப் பார்த்துக்கொண்டார். குலதெய்வத்தின் பெயரில் கீழே முத்துமாலை பாத்திர மாளிகை, மேலே முத்துமாலை ஏர்வேஸ். தரைத்தளத்தில் எவர்சில்வர், முதல் மாடியில் பித்தளையும் செம்பும், இரண்டாம் மாடியில் விமானம். (விமானத்தின் அலுவலகம் என்று சொல்லவேண்டும். ஆனால் கடைப் பையன்கள் "பிளேனு ரெண்டாவது மாடி சார்" என்றுதான் சொல்வார்கள். ஏறி வந்து ஏமாந்தவர்கள் உண்டு.)

பாத்திரம் விற்ற குடும்பம் விமானம் வாங்கியதற்குக் காரணம் அண்ணாச்சியின் மகள் செல்வி. அவள் விமானம் ஓட்டப் படித்துவிட்டு வந்தபோது, வேலைக்காக அவளை டெல்லிக்கோ துபாய்க்கோ அனுப்ப அண்ணாச்சிக்கு மனம் வரவில்லை. "பொட்டப்பிள்ளைய அம்புட்டு தூரம் எதுக்கு அனுப்பணும்? இங்கனயே ஒரு பிளேன வாங்கிப் போடுவோம்" என்றாராம், தையல் மெஷின் வாங்கிப்போடுகிற மாதிரி. மகள் ஊரைவிட்டுப் போகக்கூடாது என்பதற்காக வாங்கிய விமானத்தில் மகள் தினமும் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

நான் எம்.காம். முடித்துவிட்டு மந்தைவெளியில் அப்பா அம்மாவோடு சும்மா இருந்த காலம். அண்ணாச்சி என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். "இங்கிலீஷ் வருமா?" வரும் என்றேன். "அப்பா என்ன பண்ணுதாவ?" இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆகிவிட்டார் என்றேன். "காலைல சாப்ட்டியா?" இல்லை என்றேன். உடனே கீழேயிருந்து இட்லி வந்தது. சாப்பிட்டு முடித்ததும் வேலை கிடைத்துவிட்டது. நான் ஆறடிக்கு மேல் உயரம் என்பதை மட்டும் அண்ணாச்சி கவனித்து, "பரணையில இருக்க சாமான எடுக்க ஆள் ஆச்சு" என்றார்.

என் வேலை, டிக்கெட் போடுவதும் போன் எடுப்பதும், குக்கர் கேஸ்கட் கேட்டு மாடியேறி வருபவர்களைக் கீழே திருப்பி அனுப்புவதும். மூன்றாவதுதான் அதிகம். கம்பெனியில் ஒரே விமானம், பத்தொன்பது பேர் உட்காரலாம். காலையில் தூத்துக்குடி போய் மத்தியானம் திரும்பி வரும். நடுவில் ஒரு குறுகலான நடைபாதை, இருபுறமும் ஒற்றை ஒற்றை இருக்கை. அதனால் எல்லோருக்கும் சன்னல் சீட். "சன்னலோரம் வேணும்" என்று யார் கேட்டாலும் தயங்காமல் தருவேன். வாழ்க்கையில் நான் தவறாமல் காப்பாற்றிய வாக்குறுதி அது ஒன்றுதான்.

விமானிக்கும் பயணிகளுக்கும் நடுவில் கதவு கிடையாது, ஒரு திரைதான். செல்வி திரையை விலக்கித் திரும்பிப் பார்த்து, "எல்லாரும் பெல்ட்டு போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளப்புவாள். பக்கத்தில் பணி ஓய்வு பெற்ற ஒரு மூத்த விமானி உட்கார்ந்திருப்பார். அவர் பேசி நான் கேட்டதில்லை. சைதாப்பேட்டை நெரிசலில் மாட்டிக்கொண்ட பயணி பதறிப்போய் போன் செய்தால், அண்ணாச்சி போனைப் பிடுங்கி, "பைய வாங்க, ஒங்கள விட்டுட்டா போயிருவோம்?" என்பார். பெரும்பாலும் விட்டுவிட்டுத்தான் போகவேண்டியிருக்கும். அப்போது அவரே அந்தப் பயணியைச் சாப்பிட வைத்து ரயிலேற்றி அனுப்புவார்.

எல்லாவற்றையும்விடப் பெயர் பெற்றது சாப்பாடு. அண்ணாச்சியின் மனைவியை நாங்கள் அண்ணி என்போம். அவர் விடியற்காலையிலேயே எழுந்து, வாழையிலையில் பொடி தடவிய இட்லி, உளுந்து வடை, ஒரு துண்டு கருப்பட்டி அல்வா என்று பொட்டலம் கட்டித் தருவார். பெரிய ஃபிளாஸ்கில் சுக்குக் காபி, குடிக்க எவர்சில்வர் டம்ளர். அவ்வளவு சின்ன விமானத்தில் பரிமாற ஆள் வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. "வீட்டுக்கு வந்தவுகளுக்கு எடுத்து வைக்க ஆள் வேணாமா?" என்று அண்ணாச்சிதான் மருமகள் கவிதாவை ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார். தினமும் ஒரு குலுக்கல் வேறு உண்டு. இருக்கை எண் எழுதிய சீட்டுகளை டம்ளரில் போட்டு எடுப்பார்கள். யார் எண் வருகிறதோ அவருக்குக் கடையிலிருந்து ஒரு பாத்திரம் பரிசு.

இதெல்லாம் பெரியண்ணாச்சிக்குப் பிடிக்கவில்லை. கீழே கடையில் வருவது மேலே விமானத்தில் போகிறது என்பது அவர் கட்சி. அவர் சொல்வதில் தப்பும் இல்லை. ஆனால் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறாமலேயே சொல்லிக்கொண்டிருந்தார். ஊருக்கு எப்போதும் ரயில்தான். கடைசியில் ஒரு நாள் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி, "ஒரே ஒரு தடவ வந்து பாக்கேன். பெறவு வைக்கவா விக்கவானு நான் சொல்லுதேன். யாரும் மறுபேச்சு பேசக் கூடாது" என்று முடித்துவிட்டார். செல்வி அன்று சாப்பிடவில்லை என்று கவிதா சொன்னாள்.

அப்படிப் பெரியண்ணாச்சி ஏறுவதாக இருந்த நாளில், கவிதாவின் மகனுக்குப் பள்ளி ஆண்டு விழா. பையனுக்குக் கேரட் வேஷம். "எம் மவன் கேரட்டா நிக்கப் போறான், நான் பாக்க வேண்டாமா?" என்று கவிதா கேட்டாள். நியாயமான கேள்வி. அண்ணாச்சி, அண்ணனை மாலையோடு வரவேற்பதற்காக முன்பே தூத்துக்குடி போய்விட்டிருந்தார். அங்கிருந்து எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, நாளைக்கு நீ ஏறிக்கோ. அண்ணன் வாராவ. எல்லாம் ஒன் கையிலதான் இருக்கு."

ஒரு வருஷமாக "எங்க பிளேன்", "எங்க பிளேன்" என்று மந்தைவெளி முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். "அதுக்கென்ன அண்ணாச்சி, ஜமாய்ச்சிடலாம்" என்றேன்.

காலையில் அம்மா நெய் மிதக்க மிதக்கப் பொங்கல் செய்திருந்தாள். "மொத மொதல்ல ஆகாசத்துல போற. வெறும் வயித்தோட போகக் கூடாது" என்று தட்டு நிறைய வைத்தாள். பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா, "பரிமாறப் போறதுக்கா எம்.காம். படிச்சான்?" என்றார். "ஆகாசத்துல பரிமாறுறான்" என்றாள் அம்மா. அவளுக்கு அது வேறு உத்தியோகம்.

அங்கிருந்து தியாகராய நகர் போனேன். அண்ணாச்சி வீட்டில் அண்ணி பொட்டலங்களை எல்லாம் கட்டி, பெரிய எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி வைத்திருந்தார். "உப்பு சரியா இருக்கானு பாரு தம்பி" என்று ஒரு இலையை நீட்டினார். உப்பு சரியாக இருந்தது. முதல் இட்லியிலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் உறுதி செய்துகொள்ள நான்கும் சாப்பிட்டேன்.

விமான நிலையம் போகும் எங்கள் வேனின் ஓட்டுநர் தேசிங்கு, கிண்டி தாண்டும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இன்னா நைனா, மொத தபாவா?"

"ஆமா. ஏன்?"

"இல்ல, வயிறு ஃபுல்லா கீதேன்னு பாத்தேன். இந்தா, எலுமிச்சங்கா. மோந்துக்கினே போ. ஒண்ணியும் ஆவாது."

சீருடை போட்ட ஒருவன் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு விமானம் ஏறினால் பயணிகள் என்ன நினைப்பார்கள்? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். (சீருடை என்பது, கீழே கரண்டி விற்கும் பையன்கள் போடும் அதே அரக்குச் சட்டைதான். பாக்கெட்டில் குக்கர் படம் போட்டிருக்கும்.)

பெரியண்ணாச்சி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, நெற்றி நிறையத் திருநீறு. ஐந்தடிக்குக் கொஞ்சம் கூட இருப்பார். ஆபரேஷனுக்கு அழைத்து வந்த மாதிரி ஒரு முகம். விமானப் படியருகே கைகூப்பி நின்ற என்னை அண்ணாந்து பார்த்தார்.

"நீ யாரு?"

"ஆபீஸ்ல இருக்கேன் அண்ணாச்சி."

"ஆபீஸ்ல இருக்கவனுக்கு இங்கன என்ன சோலி?"

படியைக் காட்டி வழிவிட்டேன். அவரை முதல் வரிசையில் உட்கார வைத்தேன். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியவில்லை. விமானத்தின் கூரை என் கழுத்துக்குத்தான் வந்தது. கைப்பிடி இல்லாத குடையைப் போல மடங்கிக்கொண்டு எல்லோருக்கும் வணக்கம் சொன்னேன். இரண்டு உப்பள வியாபாரிகள், கைக்குழந்தையோடு ஒரு தம்பதி, ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா, இன்னும் சிலர். எனக்குக் கடைசி இருக்கை. அருகில் சாப்பாட்டு டப்பா, ஃபிளாஸ்க், அன்றைய பரிசு. பரிசு ஒரு எவர்சில்வர் தூக்குவாளி, அழுத்தி மூடும் மூடியோடு. சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

செல்வி திரையை விலக்கினாள். "பெரியப்பா, பெல்ட்டு போட்டாச்சா?"

"போட்டாச்சு. நீ முன்னால பாத்து ஓட்டு" என்றார் பெரியண்ணாச்சி.

விமானம் மேலே போனது. நானும் போனேன். பொங்கல் மட்டும் வர மறுத்து மீனம்பாக்கத்திலேயே நின்றது. "வலது பக்கம் அடையாறு கடல்ல கலக்குற இடம் தெரியுது பாருங்க" என்று செல்வி சொன்னாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. ஆறும் கடலும் சரிந்து சன்னலுக்கு மேலே போயின. அதற்குள் மனம் மாறிய பொங்கல் எங்கள் எல்லோரையும்விட வேகமாக மேலே வரத் தொடங்கியிருந்தது.

ஒன்றுமில்லை, சமாளித்துவிடலாம் என்று எழுந்தேன். டப்பாவைத் திறந்தேன். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் வாழையிலையும் கலந்த வாசனை குப்பென்று வந்தது. அன்றுவரை எனக்கு மிகவும் பிடித்த வாசனை அது. ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, குனிந்தபடியே முன்னால் போய்ப் பெரியண்ணாச்சியிடம் கொடுத்தேன்.

"காப்பி?" என்றார்.

"இதோ அண்ணாச்சி."

அந்தப் பயணத்தில் நான் தெளிவாகப் பேசிய கடைசி வாக்கியம் அது. விமானம் திடீரென்று ஒரு பள்ளத்தில் இறங்கியது. (வானத்தில் பள்ளம் உண்டு என்று ஒரு வருஷம் விமானக் கம்பெனியில் வேலை பார்த்தும் எனக்குத் தெரியாது.) நான் பின்பக்கமாகவே நடந்து கடைசி இருக்கைக்கு வந்து விழுந்தேன். வாந்தி எடுப்பதற்காகக் காகிதப் பைகள் உண்டு. ஸ்பூன் செட் போடும் கவர்கள்தான், கடையில் மிஞ்சியவை. ஆனால் அவற்றைக் கவிதா எங்கே வைப்பாள் என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. தேட நேரமும் இல்லை. கைக்கு எட்டியது தூக்குவாளி ஒன்றுதான்.

அம்மாவின் பொங்கலையும் அண்ணியின் இட்லியையும் அதில் ஒப்படைத்தேன்.

யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்கவும் இல்லை. மூடியை வைத்து அழுத்தினேன். "டக்" என்று உட்கார்ந்தது. கண் இருட்டிய அந்த நிலையிலும் சிவப்பு ரிப்பனைத் திரும்ப அழகாகக் கட்டி, வாளியை இருந்த இடத்திலேயே வைத்தேன். நல்ல வளர்ப்பு. அதற்குப் பிறகு தலையைச் சாய்த்தவன்தான். எழுந்திருக்க முடியவில்லை.

எனக்கு முன் இருக்கையில் இருந்த டீச்சரம்மா திரும்பிப் பார்த்தார். "ஐயையோ, இந்தப் பையன் மூஞ்சி பச்சையா போச்சே!" என்று, ஆபத்துக்காலத்தில் என்ன செய்யவேண்டும் என்று படம் போட்டு வைத்திருந்த அட்டையை எடுத்து எனக்கு விசிறத் தொடங்கினார். அந்த அட்டை எங்கள் கம்பெனியில் பயன்பட்டது அந்த ஒரு தடவைதான்.

கொஞ்ச நேரம் போயிற்று. இட்லி வாசனை மட்டும் விமானம் முழுவதும் சுற்றிக்கொண்டிருந்தது, இட்லி வரவில்லை. உப்பள வியாபாரிகளில் ஒருவர் முன்னால் எட்டி, "என்ன அண்ணாச்சி, ஒங்களுக்கு மட்டுந்தான் இலையா? எங்களுக்கு உண்டா, இல்லையா?" என்று பெரியண்ணாச்சியைக் கேட்டுவிட்டார்.

பெரியண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். கடைசி வரிசையில் நான் கிடப்பது தெரிந்தது. தம் மடியில் பிரிக்காமல் இருந்த பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு திரையை விலக்கி, "செல்வி, நான் எந்திரிக்கலாமா?" என்று கேட்டார்.

"எந்திரிங்க பெரியப்பா, இப்ப காத்து அடங்கிருச்சு. பிடிச்சுக்கிட்டு நடங்க."

அவர் எழுந்தார். கூரை அவருக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. குனியவேண்டிய அவசியமே இல்லை. தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். வேட்டியை மடித்துக் கட்டினார். பின்னால் வந்து, என்னை ஒரு சாமானைப் போலத் தாண்டி, டப்பாவைக் கையில் எடுத்தார்.

குடும்பத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் பந்தியில் நிற்பவர் பெரியண்ணாச்சிதானாம். அது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அரைக்கண் திறந்து நான் பார்த்தது இதுதான்: விமானம் ஏறும்போது ஆபரேஷன் முகத்தோடு வந்தவர், நடைபாதையில் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்கிறார். "கூச்சப்படாதிய, இன்னொரு வட வைக்கட்டா?" "புள்ளைக்கு அல்வா குடுங்க, கருப்பட்டிதான், ஒண்ணும் செய்யாது." "ஏ அம்மா, நீங்க விசிறுனது போதும், சாப்பிடுங்க மொதல்ல. அவன் சாக மாட்டான்."

பாதி வழியில் நின்றார். திரைப்பக்கம் போனார்.

"செல்வி, ஒங்கம்மை சட்னி வைக்கலையா?"

"சட்னி சிந்தும் பெரியப்பா."

"நல்ல மூடி போட்ட டப்பாவுல குடுத்தா எப்படிச் சிந்தும்? பாத்திரக் கடைக்காரன் பிளேன்ல சட்னி இல்லைனா வெளிய சொல்லாத."

சுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார். காலி டம்ளர்களைத் தாமே வாங்கி வைத்தார். எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும், அவர் நடுவில் நின்று, இடுப்பில் கைவைத்துச் சுற்றிலும் பார்த்தார். அந்த முகத்தில் அப்போதுதான் முதன்முறையாகச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. விமானம் பிழைத்துவிட்டது என்று எனக்கு அரைமயக்கத்திலும் தோன்றியது.

அந்த நிம்மதியில் கண்ணை மூடினேன். மறுபடி திறந்தபோது அவர் சீட்டுகள் இருந்த டம்ளரைக் குலுக்கிக்கொண்டிருந்தார். ஒரு சீட்டை எடுத்தார். டீச்சரம்மாவின் எண். எல்லோரும் கைதட்டினார்கள். பெரியண்ணாச்சி என் பக்கத்திலிருந்து தூக்குவாளியை எடுத்தார்.

"கனமா இருக்கே. உள்ள அல்வா போட்டு வச்சிருக்காவளோ?"

நான் பேச வாய் திறந்தேன். காற்றுதான் வந்தது. அவர் வாளியை இரண்டு கையாலும் மரியாதையாக டீச்சரம்மாவிடம் நீட்டினார். டீச்சரம்மா வாங்கி மடியில் வைத்து, "எதுக்குங்க இதெல்லாம்?" என்று சொல்லிக்கொண்டே ரிப்பனை அவிழ்த்தார். விரல் மூடியின் விளிம்புக்குப் போனது.

அப்போது எனக்கு எங்கிருந்து பலம் வந்தது என்று தெரியவில்லை. துள்ளி எழுந்தேன். தலை கூரையில் "ணங்" என்று இடித்தது. அப்படியே முன்னால் சாய்ந்து, டீச்சரம்மாவின் மடியிலிருந்து வாளியைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"தொறக்காதீங்க!"

"ஏன்?" என்றார் பெரியண்ணாச்சி.

"அதுல... அண்ணாச்சி... நான்..."

என் வயிற்றைப் பார்த்தேன். வாளியைப் பார்த்தேன். அவரும் அதே வரிசையில் பார்த்தார். டீச்சரம்மா இரண்டு கைகளையும் காற்றில் தூக்கி அப்படியே பிடித்துக்கொண்டார். உப்பள வியாபாரி காலை உள்ளே இழுத்துக்கொண்டார். விலகியிருந்த திரைக்கு அப்பால் செல்வியின் முதுகு விறைத்திருந்தது. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். என் வேலை போனது போகட்டும், அந்தப் பெண்ணின் விமானத்தையும் சேர்த்தல்லவா கவிழ்த்துவிட்டேன் என்று நினைத்தபோது, உண்மையிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பெரியண்ணாச்சி கையை நீட்டினார். "இங்க கொண்டா."

கொடுத்தேன். அவர் வாளியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடியில் விரலால் தடவிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

டீச்சரம்மா வீல் என்று கத்தினார்.

ஒரு சொட்டு விழவில்லை.

பெரியண்ணாச்சி வாளியைக் குலுக்கினார். அப்போதும் விழவில்லை. "எப்போ பண்ணுனே?" என்று என்னைக் கேட்டார்.

"அடையாறு கிட்ட அண்ணாச்சி."

"பாத்தியளா?" அவர் பயணிகள் பக்கம் திரும்பினார். "அடையாத்துல இருந்து இம்புட்டு தூரம், இந்தக் குலுக்கு குலுக்கியிருக்கு. ஒரு சொட்டு வெளிய வரல. வாசம் வந்துச்சா? யாருக்காச்சும் வாசம் வந்துச்சா? மறைக்காம சொல்லுங்க."

யாருக்கும் வந்திருக்கவில்லை.

"இதான் நம்ம கட மூடி" என்றார் பெரியண்ணாச்சி. கவிழ்த்த வாளியைத் தூக்கிப் பிடித்தபடி, முதல் வரிசைவரை போய்த் திரும்பி வந்தார். உப்பள வியாபாரி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டு, "இது எத்தன லிட்டர் அண்ணாச்சி?" என்று விசாரித்தார். கைக்குழந்தைக்காரப் பெண், இதிலேயே சின்னது உண்டா, பால் கொண்டுபோக வேண்டும் என்றாள். தூத்துக்குடியில் இறங்குவதற்குள் அவர் ஒரு சிறிய வியாபாரமே முடித்திருந்தார்.

டீச்சரம்மாவுக்குப் புதிய வாளி வீட்டுக்கே வரும் என்று வாக்குக் கொடுத்தார். "வேற பாத்திரமா இருந்தாக்கூடப் பரவாயில்லைங்க" என்றார் டீச்சரம்மா.

கீழே அண்ணாச்சி ரோஜா மாலையோடு நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. செல்வியும் இறங்கி வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றாள். பெரியண்ணாச்சி மாலையை வாங்கிக்கொண்டார்.

"எப்படிண்ணே இருந்துச்சு?"

"சட்னி வைக்கணும்" என்றார் பெரியண்ணாச்சி. "வடைய இன்னும் கொஞ்சம் பெருசா தட்டச் சொல்லு. பிளேன விக்க வேண்டாம்." கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பினார். "இந்த நெட்டையன மட்டும் இனிமே ஏத்தாத. நிக்கவும் முடியல, இருக்கவும் முடியல. எடத்த அடைக்கான்."

செல்வி அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. ஓரமாக ஒரு குழாயடியில் உட்கார்ந்து வாளியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியான விமானத்தில் பரிமாறியது பெரியண்ணாச்சிதான். நான் பேருந்தில் திரும்பி வந்தேன். மறுநாள் தேசிங்கு என்னைப் பார்த்ததும், "இன்னா நைனா, எலுமிச்சங்கா வோணான்னியே" என்றார். செய்தி எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது, விமானத்தில்.

அதற்குப் பிறகு பெரியண்ணாச்சி வாராவாரம் தூத்துக்குடிக்கு ஏதாவது வேலை வைத்துக்கொண்டார். கடையைப் பார்க்கச் சொன்னால், "பந்தி இருக்குல்லா?" என்பார். அவர் ஏறும் நாள் எது என்று முன்கூட்டியே கேட்டு டிக்கெட் போடுகிறவர்கள் இருந்தார்கள். பெரிய கம்பெனிகள் அந்த ஊருக்குப் பெரிய விமானங்களை விடத் தொடங்கும்வரை சில வருஷங்கள் நாங்கள் நன்றாகவே பறந்தோம். அவர்கள் பறந்தார்கள், நான் டிக்கெட் போட்டேன். பிறகு ஒரு நாள் விமானத்தை வடக்கே யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டாம் மாடியில் இப்போது பிளாஸ்டிக் சாமான்கள். செல்வி ஒரு பெரிய கம்பெனியில் கேப்டன். அங்கே அவளுக்கு முன்னால் திரை இல்லை, பூட்டிய கதவு. யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்று திரும்பிப் பார்க்க முடிவதில்லை என்று குறைப்பட்டுக்கொள்வாள்.

நான் அடையாறில் வீட்டுக்கடன் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். தரைத்தளம். லஸ் முனையில் ஷேர் ஆட்டோ ஏறினால்கூட என் மகள், "அப்பா, மூடி எடுத்துக்கிட்டியா?" என்று கேட்கிறாள். அவள் பிறப்பதற்கு முன் நடந்தது. அவளுக்குச் சொன்னது என் மனைவி. என் மனைவிக்குச் சொன்னது, எங்கள் கல்யாணத்தில் சாப்பிட உட்கார்ந்த முதல் பந்திக்கே சொன்ன பெரியண்ணாச்சி.

அவர் இப்போதும் கடைக்கு வருகிறார். நான் அந்தப் பக்கம் போனால் தப்ப முடியாது. போன மாதம் மகளுக்கு டிபன் பாக்ஸ் வாங்கப் போனேன். ஆதம்பாக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா தூக்குவாளி மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சாம்பார் கொண்டுபோகணும். ரயில்ல. கசியாதுனு என்ன நிச்சயம்?"

பெரியண்ணாச்சி என்னைப் பார்த்துவிட்டார். "தம்பி, இங்க வா. அம்மாவுக்கு நீயே சொல்லு."

சொன்னேன். வழக்கமாகச் சொல்வதுதான், பொங்கலில் தொடங்கி. அந்த அம்மா சிரிக்காமல் முழுவதையும் கேட்டார். என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தார். பிறகு கையிலிருந்த வாளியை மெதுவாகக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"அந்த வாளி இது இல்லியே?"